பஃபர் நிரம்பினால் என்ன ஆகும்?

பதினோரு மாதம் ஒழுங்காக ஓடிய ஓர் அறிக்கைப் பக்கம் பன்னிரண்டாவது மாதம் திடீரென்று நின்றுபோனது. நிரலில் யாரும் கை வைக்கவில்லை. சர்வரையும் யாரும் தொடவில்லை. டேட்டாபேஸ் நன்றாகத்தான் இருந்தது. மைக்ரோசாஃப்டின் இணையப் பக்க நிரல்முறையான பழைய ஏஎஸ்பியில் எழுதிய பக்கம் அது. ஆண்டின் முதல் நாளிலிருந்து சேர்ந்த எல்லாப் பதிவுகளையும் ஒரே அட்டவணையாகக் காட்டும். அன்று அட்டவணைக்குப் பதில் ஒரு பிழைச் செய்திதான் வந்தது: ‘ரெஸ்பான்ஸ் பஃபர் லிமிட் எக்ஸீடட்’, அதாவது பதிலைச் சேர்த்து வைக்கும் இடமான பஃபர் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. பிழை எண் 0251.

பஃபருக்கு அளவு எல்லை என்று ஒன்று இருப்பதை அந்தச் செய்திதான் எனக்குக் கற்றுத் தந்தது. மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வரில், 6ஆம் பதிப்பிலிருந்து, ஏஎஸ்பி பக்கங்களுக்கு அந்த எல்லை வழக்கமாக 41,94,304 பைட். அதாவது சரியாக 4 மெகாபைட். எங்கள் அட்டவணையில் ஒரு வரிசை, பக்கத்தை வடிவமைக்கும் குறிகளான டேக்குகளோடு சேர்த்து, 400 பைட் அளவுக்கு வந்தது. பக்கத்தின் மேல்பகுதியை விட்டுவிட்டு வகுத்துப் பார்த்தால் 10,485 வரிசைகள். பதிவுகள் அந்த எண்ணைத் தாண்டிய நாளில் பக்கம் நின்றது. நிரல் முதல் நாளிலிருந்தே அந்த எல்லையை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தது. போய்ச் சேரப் பதினோரு மாதம் ஆனது.

பஃபர் என்பது, நம் நிரல் எழுதும் வெளியீடு பிரவுசருக்குப் புறப்படும் முன் கொஞ்ச நேரம் தங்குகிற நினைவகப் பகுதி. வெளியீட்டுக் கட்டளைகளான ‘எக்கோ’ என்றோ ‘ரெஸ்பான்ஸ்.ரைட்’ என்றோ எழுதியவுடன் அந்த எழுத்துகள் நேரே பிரவுசருக்கு ஓடிவிடும் என்று தொடக்கத்தில் நினைப்பது இயல்பு. உண்மையில் அவை முதலில் இந்த இடத்தில் வந்து சேர்கின்றன. இடம் நிரம்பும்போது, அல்லது நிரல் முடியும்போது, அல்லது ‘இருப்பதை இப்போதே அனுப்பு’ என்று நாமே சொல்லும்போது மொத்தமாகப் புறப்படுகின்றன. அப்படி அனுப்பச் சொல்வதற்குத்தான் ஃபிளஷ் என்று பெயர்.

எதற்கு இப்படிச் சேர்த்து வைக்க வேண்டும்? முதல் காரணம் சிக்கனம். அட்டவணையில் ஒரு கட்டத்தைத் திறக்கும் டேக் வெறும் 4 பைட். இணையத்தில் தரவு பாக்கெட் என்ற சிறு பொட்டலங்களாகப் போகிறது; ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரி விவரங்களுக்கே குறைந்தது 40 பைட் போய்விடும். ஒரு பாக்கெட்டில் சரக்குக்கு சுமார் 1,460 பைட் இடம் இருக்கும். 4 பைட்டுக்காக ஒவ்வொரு முறையும் இயங்குதளத்தைக் கூப்பிட்டு, ஒரு பாக்கெட்டை அனுப்புவது கட்டுப்படியாகாது. சேர்த்து அனுப்பினால் வேலை குறையும், வேகமும் கூடும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பஃபருக்குள் இருக்கும்வரை நாம் மனத்தை மாற்றிக்கொள்ளலாம்.

சர்வர் பிரவுசருக்கு அனுப்பும் ஹெச்டிடிபி பதிலுக்கு ஒரு வரிசைமுறை உண்டு. முதலில் 200 (வெற்றி), 404 (பக்கம் இல்லை), 500 (சர்வரில் பிழை) போன்ற நிலை எண். பிறகு ஹெடர்கள்: உள்ளடக்கம் என்ன வகை, குக்கி என்ன, வேறு பக்கத்துக்குப் போக வேண்டுமா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பிறகு ஒரு வெற்று வரி. அதன்பிறகுதான் பக்கத்தின் உடல். உடலின் முதல் பைட் வெளியே போக வேண்டுமென்றால் ஹெடர்கள் அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். போனது போனதுதான், திரும்ப அழைக்க வழி கிடையாது. ஜாவா உலகில் இந்த நிலைக்கு ‘கமிட்டட்’ என்று பெயர். பஃபர் முதல்முறை காலியாகிற கணம்தான் இந்தக் கணம். ஆகவே, பஃபரின் அளவு என்பது, எவ்வளவு எழுதும்வரை நம் முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கான அளவு. புதிதாகக் கற்கிறவர்கள் இந்த ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். இணையப் பக்கங்கள் எழுதும் மொழியான பிஎச்பியில் ஒரு பக்கம். முதலில் மேலே இருக்கும் மெனுவை எழுதுகிறது. அப்புறம், பயனர் உள்ளே நுழைந்தவரா என்று பார்க்கிறது. இல்லையென்றால் ‘லொகேஷன்’ ஹெடரை வைத்து நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பி விடுகிறது. வரிசை தவறு: ஹெடர் வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் உடலை எழுதத் தொடங்க வேண்டும். ஆனாலும் இது வேலை செய்யும். பிஎச்பியோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்புகளில் ‘அவுட்புட் பஃபரிங்’ மதிப்பு 4096 என்று இருக்கிறது. மெனு 1,200 பைட்தான் என்றால் அது பஃபருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஹெடரை மாற்றவும் நேரம் இருக்கும். தவறு வெளியே தெரியாது.

ஆறு மாதம் கழித்து ஒருவர் மெனுவில் நிறைய இணைப்புகளைச் சேர்க்கிறார். மெனு 4,300 பைட் ஆகிறது. 4,096ஐத் தொட்டதும் பஃபர் தானாகவே காலியாகும். ஹெடர்களும் கூடவே போய்விடும். அடுத்து திருப்பிவிட முயன்றால், ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ என்ற எச்சரிக்கை. மெனுவில் இணைப்பு சேர்த்தால் நுழைவுச் சோதனை எப்படி உடையும் என்று அந்த மனிதர் தலையைப் பிய்த்துக்கொள்வார். அவர் மீது ஒரு தவறும் இல்லை. தவறு முதலிலிருந்தே அங்கே இருந்தது; பஃபர் அதைப் போர்த்தி வைத்திருந்தது.

இன்னொரு வகையிலும் இது காலை வாரும். அமைப்புக் கோப்பே இல்லாமல் நிறுவினால் அதே மதிப்பு 0. அதாவது பஃபர் கிடையாது. ஒரு கணினியில் ஓடுகிற பக்கம் இன்னொரு சர்வரில் முதல் நாளே உடையும். கோப்பின் தொடக்கத்தில் எடிட்டர் சத்தமில்லாமல் சேர்த்த 3 பைட் பிஓஎம் குறி (கோப்பின் எழுத்துமுறையைச் சொல்லும் குறி) போதும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதுவும் வெளியீடுதான். இந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் பஃபரைப் பெரிதாக்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சோதனைகளையும் திருப்பிவிடுதலையும் மேலே கொண்டுபோங்கள். உடலை அதற்குப் பிறகு எழுதுங்கள். நோய் அதோடு தீர்ந்துவிடும்.

சரி, எல்லையைத் தொட்டால் என்ன நடக்கும்? இடத்துக்கு இடம் மாறும். குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் எல்லாருமே ‘எல்லை’ என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பிஎச்பியின் அந்த 4096, நிரம்பியதும் அனுப்பிவிடும் வகை. ஜாவா பக்கங்களை ஓட்டும் சர்வரான டாம்கேட்டும் அப்படியே. அங்கே வழக்கமான அளவு 8,192 பைட். அளவை மாற்றலாம், ஆனால் எதையும் எழுதும் முன் மாற்ற வேண்டும். எழுதத் தொடங்கிய பின் கேட்டால் விதிவிலக்கு என்ற பிழையை எறியும். இந்த வகையில் எவ்வளவு பெரிய பக்கத்தையும் அனுப்பலாம், நினைவகமும் ஏறாது. இழப்பது ஒன்றே: மனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை.

எங்கள் ஏஎஸ்பி பக்கம் வேறு வகை. அங்கே நிரம்பினால் பிழை. முழுப் பக்கத்தையும் உள்ளே பிடித்து வைத்து, கடைசியில் அனுப்புவது அதன் வழக்கம். பிடித்து வைக்க இடம் இல்லையென்றால் கையை விரித்துவிடும். ஜாவாவின் பக்க முறையான ஜேஎஸ்பியில் ‘ஆட்டோஃபிளஷ்’ (நிரம்பியதும் தானாக அனுப்புவது) என்பதை அணைத்து வைத்தாலும் இதே கதைதான். கடுமையாகத் தோன்றினாலும் இதில் ஒரு நேர்மை இருக்கிறது: பயனருக்கு முழுப் பக்கம் கிடைக்கும், இல்லையென்றால் பிழை கிடைக்கும். பாதிப் பக்கம் கிடைக்காது.

ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ் மூன்றாவது வழியில் போகிறது. அங்கே இருப்பதை எல்லை என்று சொல்வதைவிட எச்சரிக்கைக் கோடு என்று சொல்லலாம். நீண்ட காலம் அது 16 கிலோபைட். 22ஆம் பதிப்பில் 64 கிலோபைட் ஆனது. கோட்டைத் தாண்டி எழுதினால், ‘ரைட்’ என்ற அழைப்பு ‘ஃபால்ஸ்’ என்று பதில் தரும். கொஞ்சம் பொறு, ‘டிரெயின்’ என்ற நிகழ்வு வந்ததும் தொடரு என்று அதற்குப் பொருள். அந்தப் பதிலைக் கவனிக்காமல் எழுதிக்கொண்டே போனால் அது தடுக்காது. எல்லாம் நினைவகத்தில் குவியும். பெரிய கோப்புகளை அனுப்பும் நோட் நிரல்கள் மெல்ல மெல்ல வீங்குவதற்கு இந்தக் கவனிக்கப்படாத ‘ஃபால்ஸ்’ அடிக்கடி காரணமாக இருக்கிறது. ‘பைப்லைன்’ என்ற செயற்கூறு வழியாக அனுப்பினால் இந்தக் காத்திருப்பை அதுவே பார்த்துக்கொள்ளும்.

எல்லையே இல்லாத பஃபரும் உண்டு. அது இன்னும் ஆபத்து. பிஎச்பியில் நாமே ‘ஓபி ஸ்டார்ட்’ என்று அளவு சொல்லாமல் திறந்தால், அது நிரலின் மொத்த நினைவக அனுமதி தீரும்வரை வாங்கிக்கொண்டே இருக்கும். வழக்கமான அனுமதி 128 மெகாபைட். ‘134217728 பைட் தீர்ந்துவிட்டது’ என்று வரும் பிழையைப் பார்த்தவர்கள் பலர். அந்த எண் வேறு எதுவும் இல்லை, 128 மெகாபைட்தான். கோப்பைப் பதிவிறக்கக் கொடுக்க ‘ரீட்ஃபைல்’ என்ற செயற்கூறைப் பயன்படுத்தும்போது இது அடிக்கடி நடக்கும். அந்தச் செயற்கூறு கோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படிக்கிறது, அதன் மேல் பழி போட முடியாது. மேலே எங்கோ திறந்த எல்லையற்ற பஃபர் ஒன்று அந்தத் துண்டுகளை ஒன்றுகூட விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. 300 மெகாபைட் கோப்பு என்றால் பாதி வழியில் நிரல் விழும். பதிவிறக்கம் தொடங்கும் முன் திறந்திருக்கும் பஃபர்களை எல்லாம் மூடிவிட்டால் போதும்.

இதுவரை பேசியது நம் நிரலுக்குப் பக்கத்தில் இருக்கும் பஃபரைப் பற்றி. வெளியீடு பிரவுசரை அடையும் வழியில் இன்னும் பல பஃபர்கள் இருக்கின்றன. ‘ஃபிளஷ் போட்டேன், ஆனாலும் எதுவும் வரவில்லையே’ என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அங்கேதான். பிஎச்பியிலேயே இரண்டு அழைப்புகள் உண்டு: ‘ஓபி ஃபிளஷ்’ நம் பஃபரைக் காலி செய்யும், ‘ஃபிளஷ்’ அடுத்த கட்டத்தில் இருப்பதைத் தள்ளும். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் அழைத்தால், தள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. அப்புறம், பக்கத்தைச் சிறிதாக்கி அனுப்பும் ஜிஜிப் சுருக்கம். சுருக்கும் நிரலுக்குக் கையில் போதுமான எழுத்துகள் இருந்தால்தான் நன்றாகச் சுருக்க முடியும், ஆகவே அதுவும் பிடித்து வைக்கும். கடைசியில் பிரவுசர்கூட, கிடைத்த சில நூறு பைட்டை உடனே வரையாமல் இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று காத்திருக்கலாம்.

நம் நிரலுக்கும் பிரவுசருக்கும் நடுவில் நிற்கிற என்ஜின்எக்ஸ் என்ற சர்வரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே பஃபர் வேறொரு வேலை செய்கிறது. ஒரு பக்கத்தை நம் நிரல் 0.2 நொடியில் தயாரித்துவிடுகிறது என்று வையுங்கள். மெதுவான இணைப்பில் இருக்கும் ஒருவர் அதை வாங்கி முடிக்க 20 நொடி ஆகிறது. என்ஜின்எக்ஸ் நடுவில் இல்லையென்றால், அந்த 20 நொடியும் நம் நிரல் அவருக்காகவே நிற்க வேண்டும். ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல முடிகிற சர்வரை, மெதுவான பத்து இணைப்புகள் முடக்கிவிடும். பஃபர் இருந்தால், என்ஜின்எக்ஸ் 0.2 நொடியில் பக்கத்தை வாங்கிக்கொண்டு நிரலை அடுத்த வேலைக்கு அனுப்பிவிடும். மெதுவானவருக்குத் தானே பொறுமையாகக் கொடுக்கும்.

அங்கே வழக்கமான அளவு, ஓர் இணைப்புக்கு 8 பஃபர், ஒவ்வொன்றும் 4 அல்லது 8 கிலோபைட். அதற்கு மேல் வந்தால் பிழை காட்டாது, கொட்டிவிடவும் செய்யாது. வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதும். அந்தக் கோப்புக்கும் எல்லை உண்டு, வழக்கமாக 1,024 மெகாபைட். பதிவேட்டில் ‘தற்காலிகக் கோப்பில் சேமிக்கப்பட்டது’ என்ற எச்சரிக்கையைக் கண்டு பலர் பதறுகிறார்கள். அது கோளாறு அன்று. அடிக்கடி வந்தால் மட்டும் பஃபர் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்கலாம்.

கோளாறு என்பது வேறு. என்ஜின்எக்ஸில் ஹெடர்களுக்குத் தனியாக ஒரு பஃபர் இருக்கிறது. அதுவும் 4 அல்லது 8 கிலோபைட்தான், ஆனால் அதற்கு வட்டில் இடம் கிடையாது. நிரல் பெரிய குக்கி ஒன்றை வைத்து ஹெடர் அந்த அளவைத் தாண்டினால், பயனருக்கு 502 பிழை வரும். பதிவேட்டில் ‘அப்ஸ்ட்ரீம் சென்ட் டூ பிக் ஹெடர்’ என்று இருக்கும். அப்போது உடலுக்கான பஃபர்களை எவ்வளவு உயர்த்தினாலும் பலனில்லை. ஹெடர் பஃபரை உயர்த்தலாம். அதைவிட, அவ்வளவு பெரிய குக்கி எதற்கு என்று முதலில் பார்ப்பது நல்லது.

ஒரு நீண்ட வேலையின் முன்னேற்றத்தைப் பயனருக்கு உடனுக்குடன் காட்ட வேண்டுமென்றால் மட்டும் என்ஜின்எக்ஸின் இந்த உதவி தொல்லையாகிவிடும். அந்த ஒரு பதிலுக்கு மட்டும் ‘எக்ஸ்-அக்செல்-பஃபரிங்’ என்ற ஹெடரை ‘நோ’ என்று வைத்து அனுப்பினால், அது பிடித்து வைக்காமல் கடத்திவிடும். முழுத் தளத்துக்கும் பஃபரை அணைக்க வேண்டியதில்லை.

தமிழில் பக்கங்கள் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். எல்லைகள் எல்லாம் பைட்டில் எண்ணப்படுகின்றன, எழுத்தில் அன்று. எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. உள்ளே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். ஆகவே 15 பைட். ஆங்கிலப் பெயர்களோடு சோதித்துப் பார்த்த பக்கம் தமிழ்ப் பெயர்கள் வந்ததும் எல்லையைச் சீக்கிரம் தொடுவது இதனால்தான்.

இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. பஃபர் அளவுகள் பெரும்பாலும் 4096, 8192 என்று இரண்டின் அடுக்குகளாகவே இருக்கும். இரண்டின் அடுக்கு எதுவும் மூன்றால் மீதமின்றி வகுபடாது. 4,096ஐ மூன்றால் வகுத்தால் 1,365, மீதி 1. முழுக்கத் தமிழ்க் குறியீடுகளால் ஆன ஒரு கோப்பை 4,096 பைட்டாக வெட்டினால், முதல் துண்டின் கடைசியில் ஒரு குறியீட்டின் மூன்றில் ஒரு பங்கு தொங்கும். மீதி இரண்டு பங்கு அடுத்த துண்டின் தலையில் இருக்கும். துண்டுகளை அப்படியே அனுப்பினால் பாதகமில்லை, பிரவுசர் ஒட்டிப் படித்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு துண்டிலும் ஏதாவது தேடி மாற்றி அனுப்பினால் ஆபத்து. பிஎச்பியின் ‘ப்ரெக் ரீப்ளேஸ்’ யூனிகோட் முறையில் உடைந்த குறியீட்டைக் கண்டால் ‘நல்’, அதாவது வெறுமை மதிப்பு, தரும். அதைக் கவனிக்காமல் எழுதினால் அந்தத் துண்டு முழுவதும் சத்தமில்லாமல் காணாமல் போகும். துண்டுகளில் கை வைப்பதானால் வரி வரியாகப் படியுங்கள்.

இனி எங்கள் அறிக்கைப் பக்கத்துக்கு வருகிறேன். எல்லையை 4 மெகாபைட்டிலிருந்து 8 ஆக உயர்த்துவது ஐந்து நிமிட வேலை. அன்று மாலைக்கே அதைச் செய்தோம். ஆனால் 8 மெகாபைட்டும் ஒரு நாள் நிரம்பும். தவிர, ஒரே நேரத்தில் இருபது பேர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் 160 மெகாபைட் பஃபருக்கு மட்டுமே போகும். மறு வாரம், ஒவ்வொரு 500 வரிசைக்கும் ஒரு ஃபிளஷ் என்று மாற்றினோம். பஃபர் 2 லட்சம் பைட்டுக்கு மேல் ஏறவில்லை. எவ்வளவு வரிசை வந்தாலும் பக்கம் ஓடியது.

அதற்குப் பிறகுதான் இரண்டாவது சிக்கலைச் சந்தித்தோம். ஒரு நாள் 7,000 வரிசை போன பிறகு டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தது. நிரல் பிழையைப் பிடித்து, பதிவேட்டில் எழுதிவிட்டு, பதிலை ஒழுங்காக முடித்தது. ஆனால் நிலை எண் 200 என்று முதல் ஃபிளஷிலேயே போய்விட்டது. பிரவுசரின் கண்ணில் அது முழுமையான, வெற்றிகரமான பதில். இணைப்பை அப்படியே அறுத்திருந்தால்கூட, இறுதிக் குறி வரவில்லை என்று பிரவுசருக்குத் தெரிந்திருக்கும். ஒழுங்காக முடித்ததால் அந்தத் துப்பும் போனது. ஒருவர் அந்த அட்டவணையை எடுத்துக் கூட்டி, மேலே அனுப்பியிருந்தார். பிழைச் செய்தி வந்திருந்தால் யாரும் எதையும் கூட்டியிருக்க மாட்டார்கள்.

ஆகவே அந்தப் பக்கத்தை இரண்டாகப் பிரித்தோம். திரையில் பார்ப்பதற்கு ஒரு தடவைக்கு 200 வரிசை. சுமார் 80,000 பைட். பஃபருக்குள் முழுவதும் அடங்கும், நடுவில் பிழை வந்தால் வெளியே எதுவும் போகாமல் 500 என்று சொல்ல முடியும். மொத்தமும் வேண்டுபவர்களுக்குத் தனியே ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) பதிவிறக்கம்; அதில் மட்டும் வரிசையாக எழுதி எழுதி ஃபிளஷ். தொடங்கும் முன் எத்தனை வரிசை என்று எண்ணி முதல் வரியில் எழுதினோம். கடைசி வரியில் ‘முடிந்தது’ என்ற சொல்லும், உண்மையில் எழுதிய எண்ணிக்கையும். அந்தக் கடைசி வரி இல்லாத கோப்பைக் கூட்டக் கூடாது என்று, பதிவிறக்கும் பொத்தானுக்குக் கீழேயே எழுதி வைத்தோம்.